வீட்டு டிஎன்எஸ்: நாஸ் பெயர் சில நேரம் திறக்கிறது, சில நேரம் இல்லை, இடையிடையே வீட்டில் நெட் ஒரு நிமிடம் முடங்குகிறது

பாலாற்றங்கரை:

வணக்கம். அமைப்பு இதுதான். இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் பெட்டிதான் ரூட்டரும்: 192.168.1.1. ராஸ்பெரி பை 4 என்ற சின்னக் கணினியில் பை-ஹோல் (விளம்பரங்களைத் தடுக்கும் டிஎன்எஸ், அதாவது பெயரை முகவரியாக மாற்றித் தரும் சர்வர்), அதற்குப் பின்னால் பெயர்களை இணையத்தில் தேடி எடுக்கும் அன்பவுண்ட் 5335 போர்ட்டில்: 192.168.1.10. நாஸ் (வீட்டுக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி): 192.168.1.20. ரூட்டரின் டிஹெச்சிபி (கருவிகளுக்கு முகவரியும் டிஎன்எஸ்ஸும் கொடுக்கும் பகுதி) பக்கத்தில் முதல் டிஎன்எஸ் 192.168.1.10, இரண்டாவது கூகுளின் 8.8.8.8. வான் (வெளி இணைய இணைப்பு) பக்கத்திலும் டிஎன்எஸ் 192.168.1.10 என்று போட்டிருக்கிறேன். பை-ஹோலின் லோக்கல் டிஎன்எஸ் பட்டியலில் "நாஸ்.லோக்கல்" சேர்த்திருக்கிறேன். கண்டிஷனல் ஃபார்வர்டிங் ரூட்டரை நோக்கி ஆன்.

பிரச்சினைகள்:

விண்டோஸ் கணினியில் நாஸ் பெயர் சில நேரம் திறக்கும், சில நேரம் திறக்காது. உபுண்டு லேப்டாப்பில் எப்போதுமே திறக்காது, ஆனால் டிக் என்ற டிஎன்எஸ் சோதனைக் கட்டளையில் பை-ஹோலை நேராகக் கேட்டால் சரியான முகவரி வருகிறது. இரண்டு ஆண்ட்ராய்டு மொபைல்களில் ஒன்றில் விளம்பரம் அப்படியே வருகிறது. எல்லாவற்றையும்விடத் தொல்லை: ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை வீட்டில் நெட் நின்றுபோய் ஒரு நிமிடத்தில் தானாகத் திரும்புகிறது. அந்த நேரத்திலும் விளம்பரம் வரும் மொபைல் மட்டும் நன்றாக ஓடுகிறது.

பை-ஹோலை அழித்துவிட்டுத் திரும்பப் போடலாமா?

வேர்மண்டலம்:

திரும்பப் போட வேண்டாம். எந்த அமைப்பையும் இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் எழுதியதில் குறைந்தது நான்கு தனித்தனிக் கோளாறுகள் தெரிகின்றன. ஒன்றை மாற்றினால் இன்னொன்றின் தடயம் அழிந்துவிடும்.

டிஎன்எஸ் தகராறில் முதல் கேள்வி "ஏன் திறக்கவில்லை" அல்ல. "இந்தக் கருவி யாரைக் கேட்டது, பதில் சொன்னது யார்" என்பதே. அதற்குக் கீழ்க்கண்டவற்றை ஓட்டி வெளியீட்டை இங்கே போடுங்கள்.

விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ஆல். அதில் டிஎன்எஸ் சர்வர்ஸ் என்ற வரிக்குக் கீழே வரும் எல்லா முகவரிகளும் வேண்டும், முதல் வரி மட்டும் போதாது. பிறகு என்எஸ்லுக்அப் கட்டளையில் நாஸ் பெயரை ஒருமுறை 192.168.1.10-இடமும் ஒருமுறை 8.8.8.8-இடமும் கேளுங்கள். பெயரின் கடைசியில் ஒரு புள்ளி வையுங்கள். வைக்காவிட்டால் என்எஸ்லுக்அப் உங்கள் நெட்வொர்க்கின் பின்னொட்டை ஒட்டிக் கேட்டுக் குழப்பும். இன்னொன்று: என்எஸ்லுக்அப் விண்டோஸின் சொந்த நினைவகத்தையும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்ப்பதில்லை. அதனால் அதில் சரியாக வருவது பிரவுசரிலும் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

உபுண்டுவில் ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ், அப்புறம் கெட்என்ட் ஹோஸ்ட்ஸ் நாஸ்.லோக்கல். டிக் டிஎன்எஸ்ஸை மட்டும் கேட்கும். மற்ற மென்பொருள்கள் பெயர் தேடும் முழு வழியையும் கெட்என்ட் பின்பற்றும். இரண்டும் வேறுபட்டால் கோளாறு டிஎன்எஸ் சர்வரில் இல்லை, லேப்டாப்புக்குள் இருக்கிறது.

ஏதாவது ஒரு கணினியிலிருந்து டிக் @192.0.2.1 என்று போட்டு ஒரு பொதுத் தளத்தின் பெயரைக் கேளுங்கள். 192.0.2.0/24 எடுத்துக்காட்டுகளுக்காகவே ஒதுக்கப்பட்ட வரிசை, அங்கே எந்த சர்வரும் கிடையாது. பதில் வந்தால் டிஎன்எஸ் ஓடும் 53-ஆம் போர்ட்டை வழியில் யாரோ மறித்துப் பதில் சொல்கிறார்கள் என்று பொருள். பதில் வராமல் நேரம் முடிந்துபோவதுதான் நல்ல செய்தி.

கடைசியாக, பை-ஹோலின் டூல்ஸ் பகுதியில் டயக்னாசிஸ் பக்கத்தில் என்ன எச்சரிக்கை இருக்கிறது? கேள்விப் பதிவேட்டில் இரண்டு மொபைல்களும் எந்த முகவரியில் தெரிகின்றன?

மூன்றாம்_அடுக்கு:

இதோடு பையிலேயே ஒன்றும் பார்த்துவிடுங்க. டிக் @127.0.0.1 -பி 5335 போட்டு அன்பவுண்டை மட்டும் தனியாகக் கேளுங்க. அது ஒழுங்காகப் பதில் சொன்னால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

பதிலில் ஸ்டேட்டஸ் என்று வரும் சொல்லையும் எழுதுங்க, "வரல" என்று மட்டும் எழுதாதீங்க. என்எக்ஸ்டொமைன் என்றால் சர்வர் யோசித்துப் பார்த்து "அப்படி ஒரு பெயரே இல்லை" என்று உறுதியாகச் சொல்கிறது. சர்வ்ஃபெயில் என்றால் தேடப் போய் முடிக்க முடியவில்லை. மேலே இருக்கும் சர்வர் கிடைக்கவில்லை அல்லது டிஎன்எஸ்செக் (பதிலின் கையொப்பத்தைப் பார்க்கும்) சரிபார்ப்பு தோற்றது. ரெஃப்யூஸ்ட் என்றால் உங்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன் என்று மறுக்கிறது. அனுமதிப் பட்டியல் அல்லது வேகக் கட்டுப்பாடு. ஒன்றுமே வராமல் நேரம் முடிந்தால் ஃபயர்வால், தவறான முகவரி, அல்லது அங்கே கேட்கும் நிரலே ஓடவில்லை. நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு.

பாலாற்றங்கரை:

எல்லாம் ஓட்டிப் பார்த்தேன்.

விண்டோஸில் மூன்று டிஎன்எஸ் முகவரிகள்: முதலில் எஃப்இ80 என்று தொடங்கும், ஐபிவி6 என்ற புது வகை முகவரி (ரூட்டருடையது), அடுத்து 192.168.1.10, அடுத்து 8.8.8.8. நாஸ் பெயருக்கு 192.168.1.10 சரியான பதில் தருகிறது, 8.8.8.8 என்எக்ஸ்டொமைன்.

உபுண்டுவில் டிக் சரி, கெட்என்ட் வெறுமையாகத் திரும்புகிறது.

192.0.2.1 பதில் இல்லை, நேரம் முடிந்தது. அன்பவுண்ட் தனியாகக் கேட்டால் நோஎரர் (பிழையில்லை).

டயக்னாசிஸில் இரண்டு வகை எச்சரிக்கைகள் திரும்பத் திரும்ப இருக்கின்றன. ஒன்று, 192.168.1.1 வேகக் கட்டுப்பாட்டுக்கு உள்ளானது என்று. இன்னொன்று, ஒரே நேரக் கேள்விகளின் உச்சவரம்பு 150-ஐ எட்டியது என்று. பதிவேட்டில் முதல் மொபைலின் கேள்விகள் பெரும்பாலும் 192.168.1.1 என்ற பெயரிலேயே வருகின்றன. இரண்டாவது மொபைல் பதிவேட்டில் எங்குமே இல்லை.

வேர்மண்டலம்:

அருமை. இதற்குமேல் ஊகிக்க ஒன்றும் இல்லை. மணிக்கொரு முறை வரும் முடக்கத்திலிருந்து தொடங்குகிறேன், அதுதான் வீட்டையே பாதிக்கிறது.

உங்கள் ரூட்டர் தனக்குத் தெரியாததை வான் பக்கத்தில் போட்ட முகவரியிடம், அதாவது பையிடம், கேட்கிறது. பை-ஹோலோ, கண்டிஷனல் ஃபார்வர்டிங் ஆன் என்பதால், 192.168.1 வரிசை முகவரிகளுக்குப் பெயர் என்ன என்ற தலைகீழ்க் கேள்விகளை ரூட்டரிடம் அனுப்புகிறது. ரூட்டருக்கு ஒரு கருவியின் பெயர் தெரியாவிட்டால் அது மறுபடி பையிடமே கேட்கிறது. கேள்வி வட்டமாகச் சுற்றுகிறது. மணிக்கு ஒருமுறை ஏன் என்றால், பதிவேட்டில் காட்டுவதற்காகப் பை-ஹோல் எல்லாக் கருவிகளின் பெயர்களையும் மணிக்கொரு முறை புதுப்பித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் தலைகீழ்க் கேள்விகள் கொத்தாகப் புறப்படும்.

பை-ஹோலின் இயல்பு வரம்பு ஒரு கருவிக்கு 60 விநாடியில் 1000 கேள்விகள். சுற்றும் கேள்விகள் எல்லாம் 192.168.1.1 கணக்கில் ஏறுவதால் வரம்பு நொடிகளில் நிரம்பி, மீதி நேரத்துக்கு அந்த முகவரிக்கு ரெஃப்யூஸ்ட். ரூட்டர் வழியாகக் கேட்கும் எல்லாக் கருவிகளும் அதோடு முடங்கும். "ஒரு நிமிடத்தில் தானாகத் திரும்புகிறது" என்று எழுதியிருந்தீர்களே, அந்த 60 விநாடி இதுதான்.

வட்டத்தை எங்கே வெட்டினாலும் போதும். கண்டிஷனல் ஃபார்வர்டிங்கை அணையுங்கள், அல்லது ரூட்டரின் வான் டிஎன்எஸ்ஸைப் பையிலிருந்து எடுத்துவிட்டு நிறுவனம் தரும் முகவரிக்கே விடுங்கள். இரண்டையும் செய்யச் சொல்வேன். உங்கள் வீட்டில் பெயர் வேண்டிய கருவிகளை எப்படியும் கையால்தான் பதிவு செய்கிறீர்கள், கண்டிஷனல் ஃபார்வர்டிங்கால் உங்களுக்குப் பெரிய லாபம் இல்லை.

கம்பிச்சுருள்:

வேகக் கட்டுப்பாட்டை 0 ஆக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமே? டிஹெச்சிபியில் ரூட்டர் முகவரியையே எல்லாக் கருவிகளுக்கும் கொடுத்து, ரூட்டர் பையைக் கேட்கும்படி விட்டால் ஒரே இடத்தில் அமைப்பு முடிந்துவிடும். கருவி கருவியாகப் பார்க்கத் தேவையில்லை.

வேர்மண்டலம்:

வரம்பை எடுத்தால் வட்டம் நிற்காது, அதை எச்சரித்த பதிவு மட்டும் நின்றுபோகும். அந்த 150 உச்சவரம்பு அப்போதும் இருக்கிறது. அதை எட்டினால் ரூட்டரைத் தொடாமல் நேராகப் பையைக் கேட்கும் கணினிகளுக்கும் பதில் கிடைக்காது. ரூட்டரை இடையில் நிறுத்தினால் பதிவேட்டில் வீடு முழுக்க ஒரே கருவியாகத் தெரியும். குழந்தைகளின் டேப்லெட்டுக்கு மட்டும் தனிப் பட்டியல் என்று எதுவும் வைக்க முடியாது. வட்டம் இல்லாத வீட்டில் அந்த முறை ஓடும்தான், ஆனால் பழுது பார்க்கக் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

மூன்றாம்_அடுக்கு:

விண்டோஸ் பிரச்சினை 8.8.8.8. "இரண்டாவது டிஎன்எஸ்" என்பதை முதலாவது செத்தால் மட்டும் எழுந்து வரும் உதிரி என்று நிறையப் பேர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. விண்டோஸ் முதல் சர்வரிடமிருந்து ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் பதில் வரவில்லை என்றால் அடுத்ததைக் கேட்டுவிடும். 8.8.8.8-க்கு உங்க வீட்டு நாஸைப் பற்றி எதுவும் தெரியாது, அதனால் என்எக்ஸ்டொமைன் சொல்லும். அது தோல்வி இல்லை, முறையான முழுப் பதில். அதன் பிறகு விண்டோஸ் வேறு யாரையும் கேட்காது. அந்த "இல்லை"யைக் கொஞ்ச நேரம் நினைவிலும் வைத்துக்கொள்ளும். ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் போட்டால் போய்விடும், ஆனால் திரும்ப வரும்.

பட்டியலில் இருக்கும் எல்லா சர்வர்களும் ஒரே பதிலைச் சொல்லணும். சொல்லாத சர்வர் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது.

பாலாற்றங்கரை:

புரிகிறது அண்ணே. ஆனால் பை நின்றுபோனால் வீட்டில் யாருக்கும் நெட் இல்லையே? அதற்காகத்தான் 8.8.8.8 போட்டேன்.

மூன்றாம்_அடுக்கு:

நியாயமான பயம். அதற்கு வழி இரண்டாவது பை-ஹோல். பழைய பை ஜீரோ 2, எப்போதும் ஓடும் ஒரு மினி கணினி, அல்லது உங்க நாஸிலேயே டாக்கர் கன்டெய்னர், எதுவானாலும் சரி. அதே பட்டியல், அதே லோக்கல் பெயர்கள். பை-ஹோலின் டெலிபோர்ட்டர் ஏற்றுமதிக் கோப்பை ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் ஏற்றலாம். அதன் முகவரியை இரண்டாவது இடத்தில் போடுங்க. அதுவரைக்கும் அந்தப் பெட்டியைக் காலியாக விடுங்க. சில ஃபைபர் பெட்டிகள் காலியாக விட்டால் தன் முகவரியையே நிரப்பிக் கொடுக்கும், அதனால் சேமித்த பிறகு ஐபிகான்ஃபிக்கில் ஒருமுறை பாருங்க. அப்படி நிரப்பினால் இரண்டு பெட்டியிலும் 192.168.1.10 போடுங்க.

வேர்மண்டலம்:

உபுண்டுவுக்கு வருகிறேன். "லோக்கல்" என்ற முடிவைப் பயன்படுத்தியதுதான் காரணம். அது எம்டிஎன்எஸ்ஸுக்கு (சர்வர் இல்லாமல் கருவிகளே ஒன்றையொன்று பெயர் கேட்கும் முறை) ஒதுக்கப்பட்டது, 2013-இல் வந்த இணையத் தர ஆவணம் ஆர்எஃப்சி 6762 அதைச் சொல்கிறது. உபுண்டுவில் /ஈடிசி/என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பில் ஹோஸ்ட்ஸ் வரியைப் பாருங்கள். ஃபைல்ஸ், அதற்கடுத்து எம்டிஎன்எஸ்4_மினிமல், அதற்கடுத்துச் சதுர அடைப்புக்குள் நாட்ஃபவுண்ட்=ரிட்டர்ன், அதன் பிறகே டிஎன்எஸ் இருக்கும். அதாவது லோக்கல் என்று முடியும் பெயரை வீட்டு வயரில் சத்தமிட்டுக் கேட்கும். யாரும் குரல் கொடுக்காவிட்டால் அங்கேயே திரும்பிவிடும், டிஎன்எஸ் வரை போகவே போகாது. டிக் இந்தக் கோப்பைப் பார்ப்பதில்லை, அதனால்தான் அதில் மட்டும் வந்தது.

கோப்பைத் திருத்த வேண்டாம், பெயரை மாற்றுங்கள். வீட்டு நெட்வொர்க்குக்கென்றே ஒதுக்கப்பட்டது ஹோம்.ஆர்ப்பா, 2018-இல் ஆர்எஃப்சி 8375. 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் "இன்டர்னல்" என்ற முடிவையும் தனியார் பயன்பாட்டுக்கு விட்டுவைத்திருக்கிறது. இரண்டில் எதுவும் சரி. லோக்கல் டிஎன்எஸ் பட்டியலில் நாஸ்.ஹோம்.ஆர்ப்பா என்று புதிதாகச் சேர்த்து, பழையதை நீக்குங்கள். பை-ஹோலின் டிஎன்எஸ் டொமைன் பெட்டியிலும் ஹோம்.ஆர்ப்பா என்று போட்டு, அந்த டொமைனை வெளியே அனுப்பாதே என்ற தேர்வை இயக்குங்கள். பிரவுசரில் முதல்முறை முகவரியின் கடைசியில் சாய்கோடு ஒன்று போட்டு அடியுங்கள், இல்லையென்றால் அது தேடல் சொல்லாகப் போய்விடலாம்.

அலைக்கற்றை:

மொபைல்களைப் பற்றி நான் சொல்கிறேன்.

இரண்டாவது மொபைல் பதிவேட்டிலேயே இல்லை, மற்றவை முடங்கும்போதும் அது மட்டும் ஓடுகிறது. அப்படியானால் அது வீட்டு டிஎன்எஸ்ஸைக் கேட்கவே இல்லை. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதியில் பிரைவேட் டிஎன்எஸ் என்று இருக்கும், ஆண்ட்ராய்டு 9 முதல் உண்டு. அங்கே யாரோ ஒரு சேவையின் பெயரை எழுதிவைத்திருப்பார்கள். அப்படி எழுதினால் எல்லாக் கேள்வியும் 853-ஆம் போர்ட்டில் மறையாக்கம் செய்யப்பட்டு நேரே வெளியே போகும். "ஆட்டோமேட்டிக்" என்று மாற்றுங்கள். அந்த நிலையில் வீட்டு சர்வர் 853-இல் பேசுமா என்று முயன்று பார்த்து, இல்லையென்றால் சாதாரண 53-க்கு இறங்கிவிடும். முழுதாக அணைக்க வேண்டிய அவசியம் இல்லை. பிரவுசருக்குள்ளும் இதே மாதிரி செக்யூர் டிஎன்எஸ் உண்டு, அதையும் பாருங்கள்.

முதல் மொபைல் 192.168.1.1 பெயரில் தெரிவதற்குக் காரணம் ஐபிவி6. டிஹெச்சிபி பக்கத்தில் நீங்கள் போட்டது ஐபிவி4-க்கு மட்டும். ரூட்டர் தனியாக ஐபிவி6 அறிவிப்புகளை அனுப்புகிறது. அதில் ஆர்டிஎன்எஸ்எஸ் என்ற பகுதியில் "டிஎன்எஸ் நான்தான்" என்று தன் எஃப்இ80 முகவரியைச் சொல்கிறது. விண்டோஸ் பட்டியலில் முதலில் நின்றதும் அதுவே. ஆண்ட்ராய்டு டிஎன்எஸ் முகவரிக்காக டிஹெச்சிபிவி6-ஐக் கேட்பதில்லை, இந்த அறிவிப்பைத்தான் நம்புகிறது. எனவே டிஹெச்சிபிவி6 பக்கத்தில் மட்டும் மாற்றினால் மொபைலில் ஒன்றும் நடக்காது.

லான் (வீட்டு நெட்வொர்க்) பக்கத்து ஐபிவி6 அமைப்பில் ஆர்ஏ (அந்த ரூட்டர் அறிவிப்பு) அல்லது ராடிவிடி என்ற பகுதியைத் திறங்கள். அங்கே டிஎன்எஸ் முகவரி எழுத இடம் இருந்தால் பையின் எஃப்இ80 முகவரியைக் கொடுங்கள். நிறுவனம் தரும் பொது முகவரியைக் கொடுக்காதீர்கள், அதன் முன்பகுதி மாறும்போது எல்லாம் அறுந்துபோகும். எழுத இடம் இல்லாமல் அணைக்கும் பொத்தான் மட்டும் இருந்தால் டிஎன்எஸ் அறிவிப்பை அணையுங்கள். ஐபிவி4 வழியாகப் பையைக் கேட்டாலும் ஐபிவி6 முகவரிகளும் பதிலில் வரும், இழப்பு ஒன்றும் இல்லை.

கம்பிச்சுருள்:

ஐபிவி6-ஐயே அணைத்துவிட்டால் எளிது இல்லையா?

அலைக்கற்றை:

எளிதுதான், ஆனால் விலை அதிகம். பல ஃபைபர் இணைப்புகளில் ஐபிவி4 முகவரி சிஜிநாட்டுக்குப் (பல வீடுகள் ஒரே பொது முகவரியைப் பகிரும் முறை) பின்னால் இருக்கிறது. வெளியிலிருந்து வீட்டுக்கு நேரே வர அவர்களுக்கு இருக்கும் ஒரே வாசல் ஐபிவி6. டிஎன்எஸ் அறிவிப்பை மாற்ற வழியே இல்லாத பெட்டியாக இருந்தால் அதை பிரிட்ஜ் நிலைக்கு (ரூட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றச் சொல்லி, பின்னால் சொந்த ரூட்டர் வையுங்கள். பை-ஹோலின் டிஹெச்சிபியை இயக்கினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அது ஐபிவி4-க்குச் சரி. ரூட்டரின் ஐபிவி6 அறிவிப்பு அதனால் நிற்காது, கருவிகள் இரண்டையும் வைத்துக்கொள்ளும்.

மாற்றிய பிறகு எல்லாக் கருவியிலும் வைஃபையை அணைத்துப் போடுங்கள். டிஹெச்சிபி குத்தகை 24 மணி நேரமாக இருந்தால், விட்டுவைத்த கருவி பாதி நேரம் கழித்துத்தான் புதுப்பிக்கும்; 12 மணி நேரம் பழைய 8.8.8.8 அதில் இருக்கும். விண்டோஸில் ஐபிகான்ஃபிக் /ரிலீஸ், பிறகு /ரின்யூ.

கம்பிச்சுருள்:

இதே இழையில் ஒரு சின்னக் கேள்வி. நாஸில் ஓடும் ஒரு நிரல் எந்தத் தளத்தையும் தொடச் சரியாக 5 விநாடி எடுத்துக்கொள்கிறது. பிறகு வேகம் சரி. இதுவும் டிஎன்எஸ்தானா?

மூன்றாம்_அடுக்கு:

5 விநாடி என்றாலே அதுதான். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியின் இயல்புக் காத்திருப்பு 5 விநாடி, இரண்டு சுற்று முயற்சி, அதிகபட்சம் மூன்று சர்வர். /ஈடிசி/ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் முதல் நேம்சர்வர் வரியில் இப்போது இல்லாத முகவரி இருக்கும். ஒவ்வொரு கேள்வியும் அங்கே 5 விநாடி காத்துக் கிடந்து அடுத்ததுக்குப் போகும். செத்த வரியை எடுங்க. நாஸில் நிலையான முகவரி வைத்திருந்தால் டிஹெச்சிபியில் செய்யும் மாற்றம் அதற்குப் போகாது, கையால்தான் திருத்தணும்.

வேர்மண்டலம்:

பாலாற்றங்கரைக்கு ஒன்று சேர்க்கிறேன், இப்போது வராத கோளாறு, ஆனால் உங்கள் அமைப்பில் வரக்கூடியது. பை 4-இல் மின்சாரம் இல்லாதபோது ஓடும் கடிகாரம் கிடையாது. அணைத்தபோது சேமித்த நேரத்திலிருந்தே மீண்டும் தொடங்கும். சில மணி நேர மின்வெட்டு பொதுவாக ஒன்றும் செய்யாது. ஊருக்குப் போய் பல நாள் கழித்து இயக்கினால், டிஎன்எஸ்செக் கையொப்பங்கள் எதிர்காலத்தில் எழுதப்பட்டவையாகத் தெரிந்து அன்பவுண்ட் எல்லாவற்றுக்கும் சர்வ்ஃபெயில் சொல்லும். நேரத்தைத் திருத்த நேர சர்வரின் பெயர் தெரிய வேண்டும், பெயர் தெரிய நேரம் சரியாக வேண்டும். டிக்கில் +சிடி (கையொப்பத்தைச் சரிபார்க்காதே) சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். அப்போது மட்டும் பதில் வந்தால் உடனே டைம்டேட்சிடிஎல் போட்டுத் தேதியைப் பாருங்கள். நேரத்தைச் சரிசெய்யும் டைம்சிங்டி அமைப்பில் என்டிபி வரியில் பெயருக்குப் பதில் எண் முகவரி ஒன்றைக் கொடுத்துவைத்தால் இந்தச் சிக்கல் வராது. டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றை இணைத்தாலும் சரி.

பாலாற்றங்கரை:

செய்து முடித்தேன். வான் டிஎன்எஸ் நிறுவனத்துடையதே, கண்டிஷனல் ஃபார்வர்டிங் அணைத்தாயிற்று, 8.8.8.8 எடுத்தாயிற்று. ஆர்ஏ பக்கத்தில் பையின் எஃப்இ80 முகவரி ஏற்றுக்கொண்டது. நாஸ்.ஹோம்.ஆர்ப்பா எல்லாக் கருவியிலும் திறக்கிறது. டயக்னாசிஸில் புது எச்சரிக்கை இல்லை. எல்லோருக்கும் மிக்க நன்றி.

மிச்சம் ஒன்று: டிவி பெட்டி மட்டும் பதிவேட்டில் வருவதில்லை. அதற்குள்ளேயே 8.8.8.8 எழுதிவைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது, மாற்ற இடமே இல்லை.

அலைக்கற்றை:

ஃபைபர் பெட்டியில் அதைத் திருப்ப முடியாது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரூட்டர் மென்பொருள் மாதிரி ஒன்று ஓடும் ரூட்டர் வேண்டும். லானிலிருந்து வெளியே போகும் 53-ஆம் போர்ட், யூடிபியும் டிசிபியும் இரண்டுமே, 192.168.1.10-க்குத் திருப்பும் ஒரு விதி. அதில் மூல முகவரி 192.168.1.10 அல்லாதவை என்று கட்டாயம் விலக்கு கொடுங்கள். இல்லாவிட்டால் அன்பவுண்ட் வெளியே கேட்பதும் அதனிடமே திரும்பி மறுபடி வட்டம்.

இன்னொரு விதியும் வேண்டும், பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். டிவியும் பையும் ஒரே வரிசையில் இருப்பதால் பையின் பதில் ரூட்டருக்குத் திரும்பாமல் நேராக டிவிக்குப் போகும். 8.8.8.8-ஐக் கேட்ட டிவி 192.168.1.10-இலிருந்து வரும் பதிலை ஏற்காமல் எறிந்துவிடும். எனவே லானிலிருந்து லானுக்கே, 192.168.1.10-இன் 53-க்குப் போகும் பொட்டலங்களுக்கு மாஸ்கரேட் (அனுப்புநர் முகவரியாக ரூட்டர் தன்னுடையதைப் போடுவது) போடுங்கள். பதிவேட்டில் டிவியின் கேள்விகள் ரூட்டர் முகவரியில் தெரியும், அதைத் தவிர்க்க வேண்டுமானால் பையைத் தனி விலானில் (தனி நெட்வொர்க் பிரிவில்) வைக்க வேண்டும். டிவி 443 வழியாக மறையாக்கத்துடன் கேட்கும் வகையாக இருந்தால் இந்த விதி அதைப் பிடிக்காது. அதனால் முதலில் ரூட்டரில் பொட்டலங்களைக் காட்டும் டிசிபிடம்ப் ஓட்டி, அது உண்மையிலேயே 53-இல்தான் கேட்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.